கரஸ் பட்டம் எங்கே செல்லும்? பார்சல் கவுண்டரிலிருந்து ஒரு விளக்கம்

"கரஸ்ல வாங்குன டிகிரி செல்லுமாங்ணா?"

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் இந்தக் கேள்வி காதில் விழாத ஆள் குறைவு. பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர், பம்ப்செட் ஆலையில் பிட்டராக இருப்பவர், கல்யாணமாகிக் குழந்தை பள்ளிக்குப் போன பிறகு விட்ட படிப்பைத் தொடர நினைக்கும் பெண் என்று எல்லோரும் எங்கோ ஓரிடத்தில் இதைக் கேட்கிறார்கள். வருகிற பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "நாக் ஏ பிளஸ் பிளஸ் வாங்குன யுனிவர்சிட்டிங்க, தாராளமாச் செல்லும்." இது பாதிப் பதில். சொல்லாமல் விட்ட பாதியில்தான் பலருடைய வேலையும் பதவி உயர்வும் சிக்கிக்கொள்கின்றன.

இதைப் புரிந்துகொள்ள ஒரு மெஸ்ஸின் சமையலறைக்குள் போகலாம்.

காந்திபுரத்தில் ஒரு மெஸ் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே உட்கார்ந்து அரிசியும்பருப்புச் சோறு சாப்பிடுகிறவருக்கு அடுப்படி தெரிகிறது. பாத்திரம் கழுவும் இடம் கண்ணில் படுகிறது. ரசம் புளிப்பாக இருந்தால் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டுச் சொல்லலாம். ரெகுலர் கல்லூரி மாணவர் இந்த இடத்தில் இருக்கிறார். அதே சோற்றைப் பார்சல் வாங்கிச் சோமனூரில் பிரித்துச் சாப்பிடுகிறவருக்கு இவை எதுவும் தெரியாது. கையில் இருப்பது இலையும் பொட்டலமும் நூலும் மட்டும்தான். அவர்தான் தொலைநிலைக் கல்வி மாணவர். ஆசிரியர் முகம் பார்த்திருக்க மாட்டார், நூலகத்துக்குள் கால் வைத்திருக்க மாட்டார். புத்தகக் கட்டு வரும், தேர்வுக்குப் போவார், பட்டம் வரும்.

சாப்பிடுகிறவர் சமையலறையைப் பார்க்க முடியாததால் அவருக்குப் பதிலாக வேறு யாராவது பார்த்தாக வேண்டும். தொலைநிலைக் கல்வியின் அங்கீகார ஏற்பாடு முழுவதும் இந்த ஒரு தேவைக்காகத்தான். பார்க்கிறவர் ஒருவரல்ல, நாலைந்து பேர். ஒருவர் கொடுத்த முத்திரை இன்னொருவர் முத்திரைக்கு ஈடாகாது. குழப்பம் இங்கிருந்துதான் வருகிறது.

கடை நடத்தவே ஓர் அனுமதி வேண்டும். இந்தியாவில் பட்டம் கொடுக்கும் உரிமை நாடாளுமன்றமோ சட்டமன்றமோ சட்டம் இயற்றி உருவாக்கிய பல்கலைக்கழகத்துக்கும், பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) சட்டத்தின் 3ஆம் பிரிவின்கீழ் வரும் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கும், நாடாளுமன்றம் தனியாக அதிகாரம் கொடுத்த நிறுவனங்களுக்கும்தான் உண்டு. மருதமலைச் சாலையில் இருக்கும் பாரதியார் பல்கலைக்கழகம் 1982இல் தமிழ்நாடு அரசின் சட்டத்தால் வந்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002இல் வந்தது. இந்த அடிப்படை உரிமையே இல்லாமல் பட்டம் அச்சடிக்கும் போலிகளின் பட்டியலை யு.ஜி.சி. வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது. அதில் பெயர் இருந்தால் மேற்கொண்டு பேச எதுவுமில்லை.

அடுத்தது நாக். 1994இல் தொடங்கிப் பெங்களூரிலிருந்து இயங்கும் இந்த அமைப்பு சமையலறைக்கு உள்ளே போய்ப் பார்த்து மதிப்பெண் போடுகிறது. மொத்தம் 4. அதில் 3.51 முதல் ஏ பிளஸ் பிளஸ், 3.26 முதல் 3.50 வரை ஏ பிளஸ், 3.01 முதல் 3.25 வரை ஏ. சாதாரணமாக 5 ஆண்டுக்குச் செல்லும், பிறகு மறுபடி மதிப்பீடு. ஆசிரியர் எண்ணிக்கை, ஆராய்ச்சி, நூலகம், தேர்வு முறை, நிர்வாகம் என்று கடையின் மொத்தச் சுத்தத்தையும் பார்க்கிறார்கள்.

இதற்கும் தொலைநிலைப் பட்டத்துக்கும் என்ன தொடர்பு? 2020 செப்டம்பரில் வந்த யு.ஜி.சி. விதிகளின்படி, ரெகுலர் வகுப்பும் நடத்தித் தொலைநிலையிலும் படிப்புக் கொடுக்க விரும்பும் பல்கலைக்கழகம் நாக்கில் குறைந்தது 3.01 வாங்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் முதல் 100க்குள் வந்திருக்க வேண்டும். அதாவது சுத்தத்தில் நல்ல மதிப்பெண் வாங்கிய கடைதான் பார்சல் கவுண்டர் திறக்க விண்ணப்பிக்கலாம். விண்ணப்பிக்கலாம் என்ற அளவோடு நாக்கின் வேலை முடிந்துவிடுகிறது. மதிப்பெண் நன்றாக இருப்பதாலேயே கவுண்டர் தானாகத் திறந்துவிடாது. திறக்கிற அனுமதியைத் தருவது வேறு மேசை.

நாக் முத்திரையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அது உங்கள் கையில் இருக்கும் பொட்டலத்தைப் பிரித்து ருசி பார்த்துப் போட்ட மதிப்பெண் அல்ல, கடைக்குப் போட்ட மதிப்பெண். ரெகுலர் துறைகளில் நல்ல பேராசிரியர்கள் இருப்பதால் கிடைத்த ஏ பிளஸ் பிளஸ், கரஸ் மாணவருக்கு வரும் பாடப்புத்தகம் 10 வருடத்துக்கு முந்தையதா என்று சொல்லாது. பார்க்க வந்தவர்களும் மனிதர்கள்தான். 2025 பிப்ரவரியில் ஆந்திரத்தில் ஒரு நிறுவனத்துக்கு உயர்ந்த தரம் கொடுக்க லஞ்சம் வாங்கியதாக நாக் ஆய்வுக் குழுவின் தலைவரையும் உறுப்பினர்களையும் சி.பி.ஐ. கைது செய்தது. ஏழை மாணவர் கட்டணம் கட்டும் முன் நம்பியிருக்கிற ஒரே எழுத்து அந்தத் தரம்தான் என்பதால் எனக்கு அந்தச் செய்தி மிகவும் வலித்தது.

சரி, கவுண்டரைத் திறக்கிற மேசை எது? தபால் வழிக் கல்வி இந்தியாவில் 1962இல் டெல்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. தமிழ்நாட்டில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971இலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இலும் இறங்கின. வெகுகாலம் பார்சலுக்கு என்று தனி மேற்பார்வை இல்லை. 1991இல் இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின்கீழ் தொலைநிலைக் கல்விக் குழு அமைந்தது. 2013இலிருந்து அந்தப் பொறுப்பு யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவிடம் இருக்கிறது. சுருக்கமாக டி.இ.பி. என்பார்கள். செல்லுமா செல்லாதா என்ற கேள்விக்கு அச்சாணி இதுதான்.

டி.இ.பி. கொடுக்கிற அனுமதியில் இரண்டு விஷயங்களை உற்றுப் பார்க்க வேண்டும். பல்கலைக்கழகத்துக்கு மொத்தமாகக் கொடுக்காமல் படிப்பு படிப்பாகக் கொடுக்கிறது. எந்தக் கல்வியாண்டுச் சேர்க்கைக்கு என்றும் குறிப்பிடுகிறது. பார்சல் கவுண்டரில் தொங்கும் பலகையில் இன்று இன்ன பண்டம் உண்டு என்று எழுதியிருப்பதைப் போலத்தான். பி.காம்.க்கு இருக்கும், அதே பல்கலைக்கழகத்தின் இன்னொரு பாடத்துக்கு இருக்காது. போன வருடம் இருந்தது இந்த வருடம் இருக்காது. ஆகவே "அந்த யுனிவர்சிட்டி அப்ரூவ்டுங்களா?" என்று கேட்டுப் பயனில்லை. "இந்தப் படிப்பு, நான் சேரும் இந்த வருடத்தில், தொலைநிலை முறையில் அப்ரூவ்டா?" என்று மூன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும். நீங்கள் படித்து முடித்த வருடத்தைவிட, சேர்ந்த வருடம்தான் இங்கே கணக்கு.

பெயர் பெரிதாக இருந்தால் போதாது என்பதற்கு 2022 மார்ச் மாதம் ஓர் உதாரணம் கிடைத்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குத் தொலைநிலைப் படிப்பு நடத்த 2014-15 வரைதான் அனுமதி இருந்தது, அதன் பிறகு கொடுக்கவில்லை, மாணவர்கள் சேர வேண்டாம் என்று யு.ஜி.சி. பொது அறிவிப்பு வெளியிட்டது. தமிழ்நாட்டில் அண்ணாமலையில் கரஸ் படித்தவர் இல்லாத தெருவே இருக்காது. பல்கலைக்கழகமோ நீதிமன்ற ஆணையைக் காட்டியது. இரு தரப்புக்கும் வாதங்கள் இருந்தன. நடுவில் நின்றவர் அந்த வருடங்களில் நம்பிக்கையோடு பணம் கட்டிச் சேர்ந்தவர்.

சில பண்டங்களைப் பார்சல் கட்டவே கூடாது. பொறியியல், மருத்துவம், பல் மருத்துவம், செவிலியம், மருந்தியல், கட்டடக்கலை, சட்டம், வேளாண்மை போன்றவற்றைத் தொலைநிலையில் நடத்த விதி இடம் தருவதில்லை. முனைவர் பட்டமும் கிடையாது. ஆய்வகம், நோயாளி, பட்டறை, நீதிமன்றம் என்று நேரில் நின்று கற்க வேண்டியவை அவை. இந்த இடத்தில் தமிழ்நாட்டுக்கு நேரடித் தொடர்புள்ள இரண்டு வழக்குகளைச் சொல்லியாக வேண்டும்.

ஒன்று 2001 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கு. திருச்சியின் பாரதிதாசன் பல்கலைக்கழகத்துக்கும் தொழில்நுட்பக் கல்வியை மேற்பார்க்கும் ஏ.ஐ.சி.டி.இ.க்கும் நடந்தது. தொழில்நுட்பப் படிப்பு தொடங்க ஏ.ஐ.சி.டி.இ.யிடம் முன்அனுமதி வாங்க வேண்டுமா என்பது கேள்வி. சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகத்துக்கு முன்அனுமதி தேவையில்லை, ஆனால் ஏ.ஐ.சி.டி.இ. வகுத்த தரத்தைக் கடைப்பிடிக்க வேண்டும், அவர்கள் வந்து பார்க்கலாம் என்று தீர்ப்பு வந்தது. திருச்சிப் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தாங்கிய அந்தத் தீர்ப்பு நாடு முழுக்க மேற்கோள் காட்டப்பட்டது.

இரண்டாவது அதன் நிழலில் வளர்ந்த சங்கடம். அந்த 2001ஐ ஒட்டியே சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் பொறியியல் பட்டத்தையே தொலைநிலையில் கொடுக்க ஆரம்பித்தன. டிப்ளமோ முடித்து ஆலையிலோ அரசுக் கழகத்திலோ வேலையில் இருந்தவர்கள் பதவி உயர்வுக்காக அதில் சேர்ந்தார்கள். ஒடிசாவின் லிப்ட் இரிகேஷன் கார்ப்பரேஷனில் இப்படிப் பட்டம் வாங்கியவரின் தகுதி பற்றித் தொடங்கிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2017 நவம்பர் 3ஆம் தேதி தீர்ந்தது. அதில் சம்பந்தப்பட்ட நான்கு நிகர்நிலை நிறுவனங்களில் ஒன்று நம் சேலத்தின் வினாயகா மிஷன்ஸ் ரிசர்ச் பவுண்டேஷன்.

தீர்ப்பு கடுமையானது. நிகர்நிலை நிறுவனங்கள் பாரதிதாசன் தீர்ப்பைக் காட்டித் தப்பிக்க முடியாது, அவற்றுக்கு ஏ.ஐ.சி.டி.இ. அனுமதி தேவை என்றது. தொலைநிலைக் கல்விக் குழு பின்தேதியிட்டுக் கொடுத்த ஒப்புதலையும் ஏற்கவில்லை. 2001 முதல் 2005 வரையிலான கல்வியாண்டுகளில் சேர்ந்தவர்களின் பட்டங்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. ஏ.ஐ.சி.டி.இ. நடத்தும் தேர்வில் இரண்டு வாய்ப்புக்குள் தேறினால் பட்டம் திரும்ப உயிர் பெறும். அதற்குப் பின் சேர்ந்தவர்களுடைய பட்டம் ரத்து, தேர்வு வாய்ப்பும் இல்லை.

இதை மனிதர்கள் பக்கமிருந்து பாருங்கள். 2003இல் சேர்ந்து, ஷிப்டு முடிந்து இரவில் படித்து, 2007 வாக்கில் பட்டம் வாங்கி, பதவி உயர்வும் பெற்ற ஒருவர், 40 வயதைத் தாண்டி 2018இல் மறுபடி கணக்கும் இயந்திரவியலும் எழுத உட்கார வேண்டியிருந்தது. 2006இல் சேர்ந்தவருக்கு அந்த இருக்கையும் கிடைக்கவில்லை. அவர்கள் ஏமாற்றவில்லை. கேட்ட கட்டணத்தைக் கட்டினார்கள், வைத்த தேர்வை எழுதினார்கள். கவுண்டரில் விற்கக் கூடாத பண்டம் விற்பனைக்கு இருந்தது, பல வருடங்கள் எந்த அதிகாரியும் அதை எடுக்கவில்லை. தண்டனையின் பெரும்பங்கு சாப்பிட்டவர் தலையில் விழுந்தது. தீர்ப்பின் சட்ட நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அத்தனை வருடம் கண்ணை மூடியிருந்த அமைப்புகள் மேல் எனக்கிருக்கும் கோபம் குறையவில்லை.

தடைப் பட்டியல் நின்றுபோன ஒன்றல்ல. 2025இல் யு.ஜி.சி. உளவியல், நுண்ணுயிரியல், உயிரித்தொழில்நுட்பம், உணவு மற்றும் சத்துணவியல் போன்ற பாடங்களையும் அந்த ஆண்டு ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நிறுத்தச் சொன்னது. கரஸில் எம்.எஸ்ஸி. உளவியல் படித்துப் பள்ளிகளில் ஆலோசகர் வேலைக்குப் போகலாம் என்று நினைத்திருந்த பெண்கள் நம் ஊர்களில் நிறைய. பழைய விளம்பரத் தாளைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. ஆசிரியர் பயிற்சியான பி.எட். தொலைநிலையில் உண்டு, ஆனால் அதற்கு டி.இ.பி.யோடு, ஆசிரியர் கல்வியை மேற்பார்க்கும் என்.சி.டி.இ. அனுமதியும் வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் பயனில்லை.

பார்சல் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கும் எல்லை உண்டு. மாநிலப் பல்கலைக்கழகம் தன் மாநிலத்துக்கு வெளியே படிப்பு மையம் வைக்க முடியாது. கோவையிலிருந்து வாளையாறு கூப்பிடு தூரம்தான், ஆனால் அதைத் தாண்டிப் பாலக்காட்டில் நம் மாநிலப் பல்கலைக்கழகத்தின் மையம் என்று ஒரு பலகை தொங்கினால் சந்தேகப்பட வேண்டும். முழு ஆன்லைன் படிப்புக்கு இந்த எல்லை இல்லை. அதற்கு அனுமதியும் தனி. எட்டிமடையில் இருக்கும் அமிர்தா போன்ற நிகர்நிலை நிறுவனங்கள் ஆன்லைன் பட்டம் தருவது அந்த வழியில்தான்.

இலையில் பரிமாறும் வரிசை தவறினாலும் பட்டம் செல்லாமல் போகும். பத்து, பன்னிரண்டு, பிறகு இளங்கலை, பிறகு முதுகலை என்பது அந்த வரிசை. முன்பு சில பல்கலைக்கழகங்கள் திறந்தநிலை முறை என்ற பெயரில், இளங்கலையே இல்லாதவருக்கு வயதை மட்டும் பார்த்து எம்.ஏ. கொடுத்தன. அண்ணாமலையில் அப்படிப் பெற்ற எம்.ஏ. பற்றிய வழக்கில் 2009 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. சோறு வைக்காமல் பாயசத்தை மட்டும் ஊற்றினால் அது சாப்பாடு ஆகாது என்பதுதான் சாரம். அதே ஆண்டு ஆகஸ்ட் 18ஆம் தேதி தமிழ்நாடு அரசு அரசாணை 107ஐ வெளியிட்டு, பத்தும் பன்னிரண்டும் முறையாகத் தேறாமல் திறந்தநிலையில் நேரடியாகப் பெற்ற பட்டத்தை அரசு வேலைக்கு ஏற்க முடியாது என்று தெளிவாக்கியது. பல்கலைக்கழகம் எவ்வளவு உயர்ந்த நாக் தரம் வைத்திருந்தாலும் இந்த விதி அசையாது. டி.என்.பி.எஸ்.சி. தேர்வில் தேறிச் சான்றிதழ் சரிபார்ப்பு மேசையில் போய் நிற்பவர்கள், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் இல்லாததால் திரும்பி வருவது இதனால்தான்.

இத்தனை மேசையும் தாண்டி வந்த பட்டத்தை வேலை கொடுப்பவர் ஏற்றாக வேண்டுமா? சட்டம் தெளிவாக இருக்கிறது. முறையான அனுமதியுள்ள தொலைநிலை, ஆன்லைன் பட்டங்கள் ரெகுலர் பட்டத்துக்குச் சமம் என்று 2022 செப்டம்பரில் யு.ஜி.சி. மீண்டும் அறிவித்தது. அரசு வேலையிலும் மேற்படிப்பிலும் இதைக் காட்டலாம். தனியார் கம்பெனி எச்.ஆர். விளம்பரத்தில் 'ரெகுலர் மட்டும்' என்று போட்டால் அதைத் தடுக்க உங்கள் கையில் பெரிய ஆயுதம் இல்லை. கோவை ஐ.டி. பூங்காக்களின் முதல் கட்டச் சலிப்பில் கரஸ் பட்டங்கள் கழிந்துபோவதைப் பலர் அனுபவித்திருக்கிறார்கள். இது சமையலின் குறையல்ல, பார்சல் என்றாலே ஆறிப்போனது என்று நினைக்கும் பழக்கம். 8 மணி நேரம் வேலை பார்த்துக்கொண்டே பட்டம் முடித்தவரின் விடாப்பிடியை ஒரு தேர்வாளர் தகுதியாகப் பார்க்காமல் குறையாகப் பார்ப்பது அந்தக் கம்பெனிக்குத்தான் நஷ்டம். வெளிநாடு போகிறவர்கள் இன்னொன்றை நினைவில் வைக்க வேண்டும். பட்டம் உண்மையானதா என்பதோடு, எந்த முறையில் படித்தது என்றும் பல்கலைக்கழகத்திடமிருந்து எழுத்தில் கேட்கும் நாடுகள் உண்டு. வளைகுடாவுக்கு விசா போடும் முன்பே இதை விசாரித்துவிடுவது நல்லது.

இப்போது பொட்டலத்தின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். யு.ஜி.சி. விதிப்படி தொலைநிலைப் பட்டத்தின், மதிப்பெண் பட்டியலின் பின்புறத்தில் சில விவரங்கள் அச்சாகியிருக்க வேண்டும்: எந்த முறையில் படித்தது, சேர்ந்த தேதி, முடித்த தேதி, கற்றல் உதவி மையத்தின் பெயரும் முகவரியும், தேர்வு மையத்தின் பெயரும் முகவரியும். பலர் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவதற்காக முன்பக்கத்தை மட்டும் பார்க்கிறார்கள். சரிபார்க்கிற அதிகாரி படிப்பது பின்பக்கத்தை. அங்கே இருக்கும் சேர்ந்த தேதியை எடுத்து, அந்தக் கல்வியாண்டுக்கான டி.இ.பி. பட்டியலோடு ஒப்பிடுவார். மையத்தின் முகவரியைப் பார்த்து அது எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்ப்பார். 'செல்லுமா' என்ற கேள்விக்கு விடை அந்த நான்கைந்து வரிகளில் இருக்கிறது.

சேரும்போதே இதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். டி.இ.பி. இணையதளத்தில் கல்வியாண்டு வாரியாகப் பட்டியல் இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் எந்தெந்தப் படிப்புக்கு அனுமதி என்று வரும். உங்கள் படிப்பின் பெயர் எழுத்து மாறாமல் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பக்கத்தை அன்றைய தேதியோடு அச்செடுத்து வையுங்கள். 10 வருடம் கழித்துத் தேவைப்படலாம். 2024இலிருந்து ஒவ்வொரு தொலைநிலை மாணவரும் சேரும் முன் டி.இ.பி. ஐ.டி. உருவாக்க வேண்டும். பார்சலுக்கு ரசீது போடுவதைப் போல, யார், எங்கே, எந்தப் படிப்பில் சேர்ந்தார் என்பது யு.ஜி.சி.யிடமே பதிவாகிறது. அது இல்லாமல் ஒருவர் சேர்க்கை தருவதாகச் சொன்னால் எழுந்து வந்துவிடலாம்.

பணம் யார் கணக்குக்குப் போகிறது என்பதையும் கவனியுங்கள். சேர்க்கையும் கட்டணமும் பல்கலைக்கழகத்தின் வழியாக மட்டுமே நடக்க வேண்டும், மையத்தை வாடகைக்கு விடும் முறைக்கு இடமில்லை என்கிறது விதி. அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளில்தான் கற்றல் உதவி மையம் இருக்கலாம். பஸ் ஸ்டாண்டு எதிரே மாடியில் ஒரு டியூஷன் சென்டர், ஒரே வருடத்தில் டிகிரி, பரீட்சையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், கூகுள் பேயில் அனுப்புங்கள் என்றால், அது எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொன்னாலும் அந்தச் சமையலறையிலிருந்து வந்த சோறு அல்ல.

இவ்வளவையும் சரிபார்க்கும் சுமை திருப்பூரில் 10 மணி நேரம் ஓவர்லாக் மிஷினில் உட்காரும் பெண்ணின் தலையில் இருக்கக் கூடாது என்பது என் கருத்து. பல்கலைக்கழகங்கள் விண்ணப்பப் படிவத்தின் முதல் பக்கத்திலேயே, இந்தப் படிப்புக்கு இந்த ஆண்டுக்கான டி.இ.பி. அனுமதிக் கடிதத்தின் எண் இது, இந்தத் தேதி வரை செல்லும், இன்ன அரசு வேலைக்கு இது பொருந்தாது என்று தமிழில் அச்சிடலாம். ஓட்டல்கள் உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண்ணைக் கடையில் எழுதி வைக்கின்றன. மூன்று வருட வாழ்க்கையை வாங்கிக்கொள்ளும் பல்கலைக்கழகம் ஒரு கடித எண்ணை அச்சிடுவதில் எந்தச் சிரமமும் இல்லை. மாநில உயர்கல்வித் துறை ஒரு சுற்றறிக்கை போட்டால் அடுத்த சேர்க்கையிலேயே இது நடக்கும்.